ருசி பார்க்காத காலை

மாணவர் விடுதியில் அவரைப் 'பெரிய கரண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். நூற்று நாற்பது பேருக்கு அவர் கைச் சமையல். மனைவி நாலு வருடமாகக் கடல் தாண்டி, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவரையும் அழைத்துக்கொள்ள இப்போதுதான் வழி பிறந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கமான பரிசோதனைதானே என்று போனார். சர்க்கரை கூடுதல் என்றார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இன்னும் கூடுதல்.

"வெறும் வயித்தோடதான வந்தீங்க?"

"சாமி சத்தியமா, பச்சத் தண்ணி படல டாக்டர்."

"அடுத்த வாரமும் பாத்துருவோம். மூணு மாசச் சராசரி சொல்ற டெஸ்டும் எடுக்கணும். அதுக்கப்புறம்தான் கையெழுத்து."

அன்று சாயங்காலம் போன் திரையில் மனைவியின் முகம். காதோரம் நரை கூடியிருந்தது. அவர் விரலால் தடவினார், கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

"உங்களுக்குன்னு ஒரு தலகாணி வாங்கி வச்சிருக்கேன். இன்னும் பிரிக்கல," என்றாள். அவர் சர்க்கரைக் கதையைச் சொன்னதும் கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்கு எங்கேருந்து போனீங்க?"

"காலைச் சமையல முடிச்சுட்டு நேரா."

"என்ன செஞ்சீங்க?"

"பாகு காய்ச்சினேன். அப்புறம்..."

"பதம் பாத்தீங்களா?"

அவர் உள்ளங்கை தானாக நாக்குவரை போய் நின்றது. "கடவுளே!"

"ருசி பாத்தா அது சாப்பாட்டுல சேராதாக்கும்! நல்ல ஆளு போங்க!" அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! திட்டு வாங்குகிறோம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

அடுத்த பரிசோதனை நாளில் கடவுளைக் கும்பிட்டுவிட்டு, வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைத்தார். உப்பெல்லாம் கைக்கணக்கு.

மதியம் முடிவு வந்தது. "வெறும் வயித்துச் சர்க்கரை பரவாயில்ல. மூணு மாசக் கணக்குதான் கொஞ்சம் எல்லையில நிக்குது. மாத்திர தர்றேன், தினமும் நடங்க," என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

விடுதி வாசலிலேயே பரிமாறுகிற அம்மாள் பிடித்துக்கொண்டாள். "என்னண்ணே, காலையில ஒரே உப்பு! பிள்ளைங்க குடம் குடமா தண்ணி குடிக்குதுங்க!"

"இன்னைக்கு ஒரு நாள் மன்னிச்சுரும்மா," என்றார். சட்டைப்பையில் காகிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். மனைவிக்கு அங்கே விடிய இன்னும் இரண்டு மணி நேரம். போனை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தார்.