மும்பையில் போட்ட மதிப்பெண்

மும்பையில் உங்களுக்கு ஒரு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்களே, அது எத்தனை என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் எழுதாத பரீட்சை அது. திருத்தியவன் முகம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் முகம் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் நீங்கள் நம்பத் தகுந்த ஆளா இல்லையா என்று அவன் எழுதிவிட்டான். பூனாவில் போபோடிப் பேட்டையில் இருந்த பவுனுக்கு இந்தச் சங்கதி தெரியவந்தது 2008 ஏப்ரலில், ஒரு வங்கி மேசைக்கு முன்னால்.

பவுன் கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு. நிரந்தர வேலை, மாதச் சம்பளம், கையில் சம்பளச் சீட்டு. போபோடியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில், ஓர் அறையும் சமையல் கட்டும். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரர் கோர்படே அந்த வருஷம் பாட்வா என்ற மராத்தி வருஷப்பிறப்பன்று வந்து, "பவுன்பாயி, இதை விற்கப் போகிறேன். நாலு லட்சம். முதலில் உன்னைத்தான் கேட்கிறேன். அடுத்த பாட்வா வரைக்கும் பொறுப்பேன், அதற்கு மேல் முடியாது" என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போனார். பவுனிடம் வைப்புநிதியில் ஒரு லட்சம் இருந்தது. மீதி மூன்று லட்சத்துக்குத்தான் அரைநாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சேலை கட்டி, வங்கிக்குப் போனாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் சுப்ரஜா. கோயம்புத்தூர்ப் பெண், பூனாவுக்கு வந்து ஒரு வருஷம். தமிழ் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் சுருங்கியது.

"அக்கா, உங்க பேருல மூணு கார்டு இருந்துதுங்களா?"

"இருந்துச்சி மேடம். எல்லாத்தையும் கட்டிட்டேன். ஒரு பைசா பாக்கி இல்ல. கார்டக்கூட கத்திரியால வெட்டி அடுப்புல போட்டுட்டேன்."

"கட்டிட்டீங்க, சரிங்க. ஆனா ரெண்டு வருசம் லேட்டாக் கட்டியிருக்கீங்க. கடன் வாங்குனவங்க கணக்கையெல்லாம் மும்பையில ஒரு ஆபீசுல வெச்சு மார்க்குப் போடுறாங்க. உங்களுக்கு நானூத்தி எழுபதுதானுங்க்கா போட்டிருக்காங்க."

"எத்தினிக்கி?"

"தொள்ளாயிரத்துக்கு."

ஐந்தாவது வரை படித்த பவுன் மனசுக்குள் கணக்குப் போட்டாள். "அப்ப பாஸுதானே மேடம்?"

சுப்ரஜா சிரித்துவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எழுநூறு தாண்டுனாத்தானுங்க்கா எங்க மேனேஜர் ஃபைலையே தொடுவாரு."

அந்த மூன்று கார்டில் ஒன்றைக்கூடப் பவுன் ஒருநாளும் கடையில் நீட்டியதில்லை. 2003இல் ஆஸ்பத்திரி வாசலில் குடை நட்டு, டை கட்டிய பையன்கள் கார்டு விற்றார்கள். ஒரு கையெழுத்துக்கு ஒரு பயணப் பை இனாம். அவள் புருஷன் ராஜா மொபைல் ரீசார்ஜ் கடை வைக்கத் துடித்துக்கொண்டிருந்தான். சம்பளச் சீட்டு அவளுடையது, யோசனை அவனுடையது. சம்பாதிப்பவள் கையெழுத்துப் போடுவாள், எதற்கு என்பதை ஆம்பளை தீர்மானிப்பான் என்பதுதான் நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். மூன்று பை வீட்டுக்கு வந்தது; மூன்று கார்டும் ராஜா கைக்குப் போனது, கடன் பவுன் பேரில் ஏறியது. 2005 மழையில் ராஜா, பெங்களூரில் சரக்கு எடுத்து வருகிறேன் என்று அதில் ஒரு பையோடு கிளம்பினான். திரும்பவில்லை.

வந்தவர்கள் கார்டுக் கடனுக்கு வங்கி அனுப்பிய வசூல்காரர்கள். இரண்டு பேர். மாடி ஏற மாட்டார்கள். கீழே நின்று, "இரண்டாம் மாடி பவுன்! திருடி!" என்று கட்டடம் முழுவதும் கேட்கக் கத்துவார்கள். எதிர்வீட்டு ஜமீலாவின் புருஷன் ஓட்டும் ஆட்டோவை மறித்து, "உன் பக்கத்து வீட்டுக்காரி கட்டாவிட்டால் நீ கட்டு" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது? எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் மும்பைக் கணக்கில் அவர்களுக்கு ஒரு மதிப்பெண்ணும் குறையவில்லை.

அதுவரைக்கும் விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்தால் இரண்டு வீட்டுக் குடமும் ஒன்றாகத்தான் நிறையும். யார் முதலில் எழுந்தாலும் இருவருக்கும் பிடிப்பார்கள். ஆட்டோவை மறித்த மறுநாள் ஜமீலாவின் குடம் தனியாக வந்தது. மற்ற வீடுகளும் மெல்ல விலகின. மாடியில் ஒருத்தி, ஏழரைச் சனி, எள் விளக்குப் போடு என்று ஜன்னல் வழியாகவே யோசனை சொன்னாள். சனி எங்கே வந்தது? மாதம் மூன்று வட்டி, வட்டிக்கு வட்டி, தாமதித்தால் அபராதம். இத்தனையும் மனிதன் உட்கார்ந்து எழுதியது. கிரகத்தின் மேல் பழியைப் போட்டால் எழுதியவன் நிம்மதியாகத் தூங்குவான்.

பவுன் இரண்டு ஷிப்ட் பார்த்து 2007 கடைசிக்குள் அத்தனையும் அடைத்தாள். அதற்குள் ஒருவரும் பேசாத வீட்டில் இருந்து பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காது. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதல் வார்த்தை தொண்டையில் கரகரக்கும்.

சுப்ரஜா ஒரு வழி சொன்னாள். பவுனின் ஒரு லட்சத்தில் இருபதாயிரத்தை வங்கியிலேயே டெபாசிட் போடுவது. அதன் மேலேயே ஒரு சின்னக் கடன் வாங்குவது. பன்னிரண்டு மாதம் தவணை தவறாமல் கட்டினால் மதிப்பெண் ஏறும்.

"என் பணத்த எனக்கே கடன் குடுத்து, அதுக்கு நானே வட்டி கட்டணுமா?"

"ஆமாங்க்கா."

"இன்னா மேடம் இது, நம்ம வூட்டுக்குள்ள நாமளே டிக்கெட்டு வாங்கினு போற மாதிரி?"

இருந்தும் ஒப்புக்கொண்டாள். மே மாதத்திலிருந்து, ஐந்தாம் தேதி பிறந்தால் வங்கியில் இருப்பாள். பெட்டியில் காசோலையைப் போட்டுவிட்டு வரலாம். ஆனாலும் வரிசையில் நின்று சுப்ரஜாவிடமே கொடுப்பாள். "வாங்க பவுன்க்கா" என்று அந்தப் பெண் சொல்வாள். அந்த மாதத்தில் அவள் பெயரைச் சொல்லி வரவேற்ற ஒரே வாய் அது. ஐந்தாம் தேதி விடுமுறையாக இருந்தால் பவுனுக்கு அன்றைய சோறு இறங்காது.

அக்டோபரில் தீபாவளி போனஸ் வந்தது. பவுனுக்கு ஒரே எண்ணம்தான். மொத்தக் கடனையும் ஒரேயடியாக அடைத்து, அந்தப் பெண் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். கால்கிலோ பேடாவோடு போனாள். சுப்ரஜா பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தாள். வேறொரு குமாஸ்தா பணத்தை எண்ணி வாங்கி, கணக்கை முடித்து, முத்திரை குத்தினார். பேடாவையும் அவரே சாப்பிட்டார்.

சுப்ரஜா திரும்பி வந்து தலையில் கை வைத்தாள். "அய்யோ அக்கா, உங்களை முழுசா கட்டச் சொன்னது யாருங்க்கா?"

"கடன அடைக்கிறதுக்கு யாருனா சொல்லணுமா மேடம்?"

"பன்னெண்டு மாசம் கட்டோணும்னு சொன்னனேங்க்கா. ஆறு மாசத்துல முடிச்சுட்டா அது ஒரு கணக்கே இல்லைன்னுட்டாரு மேனேஜரு. மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

பவுன் முத்திரை குத்திய ரசீதை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு, "லேட்டா கட்னாலும் தப்பு, சீக்கிரம் கட்னாலும் தப்பு" என்றாள். "சரி, எழுதுங்க மேடம். திரும்ப வாங்கறேன்."

நவம்பரில் புதிய தவணை ஆரம்பித்தது. 2009 பாட்வா வந்தபோது ஐந்து தவணைதான் ஆகியிருந்தது. கோர்படே கதவருகில் நின்று கேட்டார். பவுன் ஏழு மாதம் அவகாசம் கேட்டாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மோவாயைத் தடவினார். "ரொக்கத்தோடு ஒருத்தன் நிற்கிறான். ஆனாலும் பொறுக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கீழே நின்று கத்தினார்களே, அது என் காதிலும் விழுந்தது. இந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவர் வந்து, பவுன் கட்டிவிடுவாள் என்று என்னிடம் சொல்லட்டும். ஒரு வார்த்தை போதும்."

இருபது வருஷம் ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை வாங்கிய கைதான் அது. அந்தக் கைக்கே சாட்சி தேவைப்பட்டது.

மூன்றரை வருஷத்துக்குப் பிறகு பவுன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"இன்னா பவுனு?" ஜமீலா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

"கோர்படேகிட்ட ஒரு வார்த்த சொல்லணும் ஜமீலா. கையெழுத்தெல்லாம் வாணாம். பவுனு ஒழுங்கா கட்டிடுவான்னு. அவ்ளோதான்."

ஜமீலா உள்ளே திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆளுங்க மறுபடியும் வந்தா? 'அவ கட்டுவான்னு நீதானே சொன்ன, நீயே குடு'ன்னு எங்க வூட்டுக்காரரு வண்டிய புடிச்சினு போனா?"

"அதெல்லாம் முடிஞ்சிபோச்சு. ரசீது காட்டவா?"

"ரசீது இன்னாத்துக்கு? நீ ஒரு பைசா ஏமாத்தமாட்டேன்னு எனக்குத் தெரியாதா?" அவள் கண் கலங்கியிருந்தது. "தெரியும் பவுனு. சொல்றதுக்குத்தான் பயமாக்கீது."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். பவுன் வேறெந்தக் கதவையும் தட்டவில்லை.

பத்து நாளில் அறை கைமாறியது. பவுன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாபோடியில் ஒரு வாடகை அறைக்குப் போனாள். டெம்போ வந்த அன்று ஜமீலா ஒரு பாத்திர மூட்டையைக் கீழ்ப்படி வரைக்கும் தூக்கி வந்து வைத்தாள். 

தவணையை மட்டும் பவுன் நிறுத்தவில்லை. அக்டோபரில் பன்னிரண்டும் முடிந்தது. அதற்குள் சுப்ரஜாவை நாசிக்குக்கு மாற்றிவிட்டார்கள். நவம்பரில் ஒருநாள் மதியம் சலவை அறையில் போன் அடித்தது. ஹிந்தியில் ஒரு முன்பின் தெரியாத குரல், சந்தோஷமாக: மேடம், உங்கள் மதிப்பெண் எழுநூற்றுப் பதினெட்டு. வீட்டுக்கடனுக்கு நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்.

"கௌன்ஸா கர், பாய்?" என்றாள் பவுன். எந்த வீடு, தம்பி?

போனை வைத்தாள். கொதிக்கும் தொட்டியிலிருந்து அடுத்த போர்வையை எடுக்க அவள் திரும்பினாள்.

ஜமீலாவுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. அவளை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அந்தப் பயத்தை ஊட்டியவர்கள் சம்பளத்துக்கு ஊட்டினார்கள். ஆனால் உங்களை விடுவதாக இல்லை. உங்கள் மாடியிலும் கடனில் விழுந்து எழுந்த ஒருவர் இருப்பார். அவர் நாணயமானவர் என்பது உங்களுக்குத் தெரியும். மும்பை வாய் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே வீட்டுக்காரரிடம் போங்கள். "எனக்கு இவரைத் தெரியும், இவர் கட்டுவார்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள்.