யூ-டர்ன் சார்

"கண்ணாலே பார்த்துட்டுத்தானே வர்றீங்க? அதுக்கப்புறமும் மனசு ஏன் நம்ப மாட்டேங்குது?"

சித்தி இதைச் சித்தப்பாவிடம்தான் கேட்டார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் என் தட்டைப் பார்த்தேன். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இருந்ததாக நினைவில்லை.

சித்தப்பா ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அவர் அதைப் பட்டென்று மிதிக்க மாட்டார், யாரையும் திட்டவும் மாட்டார். கியர் கரகரவென்று அலறினால்கூட, "பரவாயில்லம்மா, அதுவும் வாய் திறந்து பேசட்டும்" என்பார்.

குறை ஒன்றே ஒன்றுதான். சக்கரம் எதன்மேலாவது 'தடக்' என்று ஏறி இறங்கினால் அவர் முகம் வெளுத்துவிடும். அது வேகத்தடை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒருவேளை மனுஷனாக இருந்தால்?

"திருப்புங்க" என்பார்.

திரும்பிப் போய்ப் பார்த்தால் வேகத்தடை தேமேயென்று படுத்திருக்கும். விட்ட இடத்துக்கு வர மறுபடி அதைத்தானே கடக்க வேண்டும்? மறுபடி 'தடக்'. மறுபடி "திருப்புங்க". ஊரே அவரை யூ-டர்ன் சார் என்று கூப்பிட்டதில் வியப்பில்லை.

நானும் அவரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என்னோடு கற்றுக்கொண்டவர் ஒரு தையல்காரம்மா. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின் இருக்கையில் காத்திருப்போம். ஒருநாள் அவர் நேரே பயிற்சிப் பள்ளி முதலாளியம்மாவிடம் போய் நின்றார்.

"யூ-டர்னா? கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேங்க. நேரா போகத்தான் தெரியல. மெயின் ரோட்டை நான் பஸ்ல போறப்ப பார்த்ததோட சரி."

முதலாளியம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க தங்கமான ஆளு. ஆனா வர்றவங்க கார் ஓட்டக் கத்துக்கணுமில்ல? மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். சரியா வரலைன்னா உள்ள உட்கார்ந்து ஃபோன் எடுங்க."

சம்பளம் குறையாது. ஆனால் சித்தப்பாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அவரைக் காரை விட்டு இறக்குவது, மீனைத் தூக்கி அலமாரியில் வைப்பதைப் போல.

சித்திக்கு ஒரு யோசனை வந்தது. முன்கண்ணாடியில் ஒட்டுகிற கேமரா ஒன்றை வாங்கிக்கொடுத்தார். "இனிமே திரும்பிப் போக வேணாம். சந்தேகம் வந்தா வீட்டுக்கு வந்து படத்தைப் பாருங்க." கெட்டிக்காரத்தனமான யோசனை என்று நானும் கைதட்டினேன்.

அடுத்த சில நாள் கார் நேராகப் போனது. வீட்டில்தான் எதுவும் நேராகப் போகவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டியதை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்.

"இங்க பாரு, இது நிழல்தானே?"

"நிழல்தாங்க."

"நல்லாப் பாரு."

"நல்லா பார்த்துட்டேன். நல்ல நிழல்."

"முன்னாடிதான் எடுக்குது. பின் சக்கரத்துல என்ன ஆச்சுன்னு தெரியலையே?"

"பின்னாடி ஒண்ணு, அடியில ஒண்ணு, கூரையில ஒண்ணு மாட்டுவோம். ஆள் உட்கார இடம் இருந்தா நீங்களும் ஏறிக்குங்க" என்றார் சித்தி. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் இருவரும் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனார்கள்.

இதற்கு ஓசிடி என்று பெயர், ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து சரிபார்க்க வைக்கும் நோய், பலருக்கும் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அந்த மருத்துவமனையில் இதைப் பற்றி ஓர் ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா ஒப்புக்கொண்டு, மூளையைப் படமெடுக்கும் குழாய்க்குள் படுத்தார். உள்ளே ஒரு விளையாட்டு: திரையில் வட்டம் வந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும், வேகமாக அமுக்கினால் வெற்றி.

"ஜெயிச்சிட்டீங்கன்னு எழுத்து வந்துச்சு" என்று வீட்டில் சொன்னார். "எனக்குச் சந்தோஷமே வரல. சரியாத்தான் அமுக்கினேனான்னு ஒரே யோசனை."

மருத்துவர் விளக்கியது எனக்கே புரிந்தது, உங்களுக்கும் புரியும். ஒரு காரியம் நல்லபடியாக முடிந்தால், 'சபாஷ், போதும்' என்று முதுகில் தட்டிக்கொடுக்கிற ஒரு பாதை மூளைக்குள் இருக்கிறதாம். ஓசிடி உள்ள சிலருக்கு அது சரியாகத் தட்டிக்கொடுப்பதில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்றும் சொன்னார்.

"உங்களுக்குச் சாட்சி பத்தாம இல்ல. 'போதும்'ங்கிற உணர்வுதான் வரல. திரும்பிப் போய்ப் பார்த்தா கொஞ்சம் நிம்மதி கிடைக்குது பாருங்க, அது நீங்க சந்தேகத்துக்குக் குடுக்கிற கூலி. கூலி குடுத்தா நாளைக்கும் வேலைக்கு வரத்தானே செய்யும்?"

ஆக, மருந்தோடு ஒரு பயிற்சியும் ஆரம்பமானது. திரும்பக் கூடாது, படம் பார்க்கக் கூடாது, பயம் வந்தால் அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். சித்திக்கும் அதில் பங்கு உண்டு: அவர் கேட்டால் 'ஒண்ணும் ஆகல' என்று தேற்றக் கூடாது.

"இன்னைக்கு ஒண்ணும் ஆகலதானே?"

"எனக்குத் தெரியாதுங்க."

"என்னடி, பொண்டாட்டி மாதிரியா பேசுற?"

"டாக்டரம்மா சொல்லிக்குடுத்த மாதிரி பேசுறேன்."

மாதக் கடைசியில் முதலாளியம்மா காரில் ஏறி, பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டியவர் தையல்காரம்மா. பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் 'தடக்'.

சித்தப்பாவின் காது மடல்வரை வெளுத்தது. தையல்காரம்மா பழக்க தோஷத்தில் தானாகவே இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார்.

"அதை அணைங்க" என்றார் சித்தப்பா. "நேரா போங்க."

"நிச்சயமாவா சார்?"

"நிச்சயமா இல்ல. போங்க."

மெயின் ரோடு வந்தது. நான்காவது கியருக்கு மாற்றச் சொன்னபோது, "அது எந்தப் பக்கம் சார் இருக்கு?" என்று தையல்காரம்மா கேட்டார். முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் பாலம் ஏறி இறங்கியதும் மெதுவாக மூச்சு விட்டார்.

இறங்கும்போது முதலாளியம்மா, "திங்கட்கிழமை ரெண்டு பேர் புதுசா வர்றாங்க தம்பி, சீக்கிரம் வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

"பயம் போயிடுச்சா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எங்க போகும்? கூடவே வந்துச்சு. பாலத்துக்கிட்ட அதுக்கே அலுத்துப்போச்சு போல."

இன்றைக்கும் சில நாள் திரும்பிவிடுகிறார். பல நாள் திரும்புவதில்லை. இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. ஆனா சரியா இருக்கான்னு பார்க்கச் சொல்லி எங்கிட்ட கொண்டு வராதே, விடிஞ்சிடும்" என்றார்.

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிற ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கலாம், உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.