உக்கார வச்சுச் சோறு

பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளே பிரம்பு நாற்காலி ‘கிறீச்’ என்று முனகினால் பெரியப்பா இருக்கிறார், விழவில்லை என்று அர்த்தம். முனகல் கேட்காத நாளில் முதுகுப் பையைக்கூட இறக்காமல் படியிலேயே நின்று கூப்பிட்டுப் பார்த்து, ‘ம்’ என்று ஒரு சத்தம் வந்த பிறகுதான் உள்ளே கால் வைப்பேன். மற்ற பிள்ளைகள் பேய்க்கும் பிள்ளை பிடிக்கிறவனுக்கும் பயந்த வயதில் நான் பயந்தது எழுபதைத் தாண்டிய ஒரு மனிதருடைய இரண்டு கால்களுக்கு.

அவர் என் அப்பாவின் அண்ணன். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மூட்டை சுமந்தே, தகப்பனில்லாத தம்பியை ஆளாக்கிப் பூட்டுக் கடையும் வைத்துக்கொடுத்தவர். தனக்கென்று ஒரு கல்யாணம் கட்டிக்கொள்ள மறந்துபோனவர். லாரியிலிருந்து முதுகில் மூட்டையை வாங்கினால் சரக்குக் கிட்டங்கியில் இறக்கும்வரை எங்கேயும் நிற்க மாட்டாராம். பேட்டைக்குப் போவதை நிறுத்திய கொஞ்ச நாளில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் அப்பா ஆடிப்போய்விட்டார்.

அன்றிலிருந்து பெரியப்பா நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று வீட்டில் சட்டம். தட்டு கைக்கு வரும், தண்ணீர் வாய்க்கு வரும், கை கழுவக் கிண்ணமும் அங்கேயே வரும். வடமதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, ‘கூடப்பொறந்தவன்னா இப்புடில்ல இருக்கணும், அண்ணன உக்கார வச்சுச் சோறு போடுறான்’ என்று ஊரெல்லாம் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய நற்பெயர் கிடையாது. அதைக் கேட்கும்போதெல்லாம் அப்பாவின் முகம் மலர்ந்துபோகும்.

அம்மா மில்லிலிருந்து வர இருட்டிவிடும், அப்பா கடையடைத்து வர அதற்கும் மேலாகும். சாயங்காலம் முழுக்க வீட்டில் நானும் பெரியப்பாவும்தான். ‘பெரியப்பாவ எந்திரிக்க விட்றாதத்தா’ என்று அம்மா தினமும் சொல்லிவிட்டுப் போவாள். முதலில் அவர் தெருவை எட்டிப் பார்க்க நைசாக எழத்தான் செய்தார். நான் போட்ட கூச்சலில் உட்கார்ந்துவிடுவார். பிறகு பிறகு அந்தப் பயம் இருமல் தொற்றுவதுபோல் அவருக்கும் தொற்றிக்கொண்டது. நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தபடியே தூங்குவார். கைலிக்குக் கீழே தெரிந்த கெண்டைக்கால் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்ததை வீட்டில் எல்லாரும் பார்த்தோம், வயசு என்றோம்.

ஒரு சாயங்காலம் அலமாரியின் மேல்தட்டில் இருந்த முறுக்கு டின்னுக்காக முக்காலியின் மேல் ஏறினேன். அது புரண்டது. தரையில் கை மடங்கி விழுந்ததும் உள்ளே சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம், அதற்கப்புறம் அழக்கூட மூச்சு வரவில்லை. பெரியப்பா எனக்கு எதிரே, எட்டினால் தொட்டுவிடுகிற தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தார். இரண்டு கைகளையும் ஊன்றி எழப் பார்த்தார். இடுப்பு நாற்காலியை விட்டு மேலே வந்தது, கால்கள் வெடவெடவென்று நடுங்கின, திரும்ப உள்ளேயே போய் விழுந்தார். மறுபடி எழப் பார்த்தார். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். அங்கே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கை வலியைவிட அவருடைய கண்ணைப் பார்க்கத்தான் எனக்குக் குலை நடுங்கியது. பெரியவர்களின் கண்ணில் அப்படியொரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் அவர் நாற்காலியிலிருந்து வேண்டுமென்றே சரிந்து தரையில் விழுந்தார். அங்கிருந்து உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வந்து என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்புட்டு மூட்டையத் தூக்குனேன். ஒன்னையத் தூக்க முடியலயேத்தா, ஒன்னையத் தூக்க முடியலயே.”

அம்மா வந்து விளக்கைப் போட்டபோது நாங்கள் இருவரும் அப்படியே கிடந்தோம்.

கட்டுப் பிரித்த பிறகு ஆஸ்பத்திரியில் என் கைக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மாவிடம் அப்பா இந்தக் கதையைச் சொல்லி அழுதிருக்கிறார். அண்ணனையும் கூட்டி வரச் சொல்லி, காலை அமுக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது சின்ன விஷயம்தான். பிடிமானத்துக்குப் பக்கத்தில் உட்காரணும், மெதுவாக உட்காரணும், சட்டென்று எழணும், தினமும் திரும்பத் திரும்பச் செய்யணும். கால் தானாகப் போகவில்லை, நீங்கள்தான் வேலை கொடுக்காமல் போக்கடித்தீர்கள் என்பதையும் கோபமில்லாமல் சொன்னாராம். அப்பாவுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

அடுத்து வந்த மாதங்களைப் போலப் பயந்த காலம் எங்கள் வீட்டில் இல்லை. பெரியப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்து எழும்போது அம்மா அடுப்படிக்குள் போய்க் கண்ணை மூடிக்கொள்வாள். அப்பா பின்னால் கையை விரித்து நிற்பார், தொடக்கூடாது என்று உத்தரவு. எனக்கோ அவர் முழங்கால் நடுங்கினால் என் கை வலித்தது. ஆனால் கால் தேறித் தெருக்குழாயில் ஒரு சின்னக் குடத்தை அவராகவே பிடித்துக்கொண்டு வந்த அன்று, ‘பாருடி, வளத்த அண்ணன தண்ணி சுமக்க விட்டுட்டான்’ என்று தெரு பேசியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போனார். பெரியப்பா அதன்பிறகு பல வருஷம் இருந்தார். காய்ச்சலில் படுத்த கடைசி வாரம்வரை தன் தட்டைத் தானே கழுவினார்.

இன்று அந்தத் தெருக்குழாய் இல்லை, அந்த ஓட்டு வீடும் இல்லை, அதே இடத்தில் நிற்கும் மாடிக் குடியிருப்பில் அப்பாவை நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். தெருவில் அப்படிப் பேசியவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. அப்பாவுக்கு இப்போது அண்ணனுக்கு அன்றிருந்த வயது. ஞாபகம் பாதிக்கு மேல் போய்விட்டது. நாற்காலி நினைவிருக்கிறது, குடம் நினைவில்லை.

நேற்று மத்தியானம் அடுப்படியிலிருந்து, ‘எந்திரிச்சு வாங்கப்பா, சோறு எடுத்து வச்சாச்சு’ என்று கூப்பிட்டேன். கூடத்திலிருந்து மெல்லிய குரலில் சொன்னார்:

“எங்கண்ணன நான் இப்புடியாத்தா நடத்துனேன்? உக்கார வச்சுல்ல சோறு போட்டேன்.”

ஆமாப்பா என்று மட்டும் சொன்னேன். எழுந்து வரும்போது விழுந்துவிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடிவிடாமலிருக்க, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.