இருபது கிலோ என்று சொன்னேன்

2012இல் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு மதிய ஷிப்ட். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். படப்பையில் தோழிகளோடு வாடகை அறை. காலை ஆறு மணிக்கு, டயர் கடை மாடியில் இருந்த ஜிம்முக்குப் போவேன். அந்த ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும்.

அங்கே ஒரு அக்கா சேர்ந்தார். இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர்.

ஜிம் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "லேடீஸ், நான் கையப் புடிச்சி சொல்லித்தர முடியாது. நீ கொஞ்சம் பாத்துக்கம்மா."

உட்கார்ந்து கம்பியை நெஞ்சு வரை இழுக்கும் மெஷின்தான் அக்காவுக்குப் பிடிக்கும். எடையை மாற்ற, பின்னால் அடுக்கியிருக்கும் இரும்புப் பலகைகளில் ஒன்றில் ஊசியைச் செருக வேண்டும். கை நசுங்கிவிடும், தொடாதீர்கள் என்று மாஸ்டர் அவரைத் தடுத்திருந்தார். அதனால் ஒவ்வொரு முறையும் என்னைத்தான் கூப்பிடுவார். என் பயிற்சி பாதியில் நிற்கும். எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள், "பதினஞ்சு இழுத்தது போதும்மா, இனிமே இருபது வை" என்றார். நான் குனியக்கூட இல்லை. "வச்சிட்டேன்க்கா" என்றேன்.

இழுத்துப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "இன்னாம்மா, ஏறினதே தெரில! கை நல்லா பழகிச்சி போல கீது."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வாரம் அந்தப் பதினைந்தையே இருபது என்றேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை அக்கா கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையோடு வந்தார். மாஸ்டர் எடையைப் படிக்கப் படிக்க, தடவிப் பார்த்து ஒவ்வொரு பலகையிலும் ஒட்டினார். ஐந்துக்கு ஒரு பொட்டு, பத்துக்கு இரண்டு. தானே நான்கு பொட்டைத் தேடி ஊசியைச் செருகி இழுத்தார். கம்பி பாதியில் நின்றது.

"நேத்து வரைக்கும் இழுத்தது இது இல்லியே" என்றார்.

"மாஸ்டர் எதையும் மாத்திட்டாரோ என்னமோக்கா" என்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அக்கா தடவி, ஊசியை மூன்று பொட்டுக்கு மாற்றி இழுத்தார்.

மூன்றாம் நாள் படிக்கட்டில் அவரை நிறுத்தினேன். "அக்கா, ஊசிய நான்தான் மாத்தாம வச்சிருந்தேன். மன்னிச்சிருங்க."

"பொட்டு ஒட்டன அன்னிக்கே தெரிஞ்சிடிச்சிம்மா. கைக்குத் தெரியாதா?" என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே, "ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இருபது கிலோ இழுக்கறேன்னு சொல்லிக்கினு இருந்தேன். அதான் ஒரு மாதிரியா பூட்ச்சி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த மாதமே, ஷிப்ட் மாறிவிட்டது என்று மாஸ்டரிடம் பொய் சொல்லி ஜிம்மை விட்டு நின்றேன். பிறகு அங்கே சேர்ந்த என் அறைத்தோழி, எல்லா மெஷினிலும் பொட்டு ஒட்டியிருக்கிறது, யாருடைய வேலை என்று கேட்டாள். தெரியாது என்றேன்.