வாசலில் கட்டிய கள்ளி

மாதையன் பாறையைத் துளைத்துச் சம்பாதித்தான், கிடைத்த நேரத்தில் கள்ளி வளர்த்தான். இரண்டில் எது அவனைக் கெடுத்தது என்று ஓமலூருக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் கள்ளி என்றுதான் சொல்வார்கள். பாறை சோறு போட்டதால் அதன்மேல் யாருக்கும் குறையில்லை.

திருச்செங்கோட்டு ரிக் லாரியில் ஏறி அவன் போகாத மாநிலம் கிடையாது. ஆழ்துளைக் கிணறு போடும்போது கம்ப்ரஷர் காற்றில் வெள்ளைவெளேரென்று கல்தூசி கிளம்பி ஆளையே மூடிவிடும். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வியர்வையில் நனைந்து மூச்சு முட்டினால் அந்தத் துண்டையும் அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள்.

ராஜஸ்தானில் ஒருமுறை லாரி பழுதாகி நின்றபோது, பொழுது போகாமல் ஒரு நர்சரிக்குள் நுழைந்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு கள்ளி. முள்ளே இல்லை, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, உச்சியில் ஒரு மஞ்சள் பூ. அதைப் பழைய சட்டையில் சுற்றி, கேபினில் தன் காலடியிலேயே வைத்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அதோடு பிடித்தது சனியன். செல்போனில் கள்ளி வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தான். எங்கெங்கிருந்தோ தபாலில் விதை வந்தது.

வீட்டில் முள்செடி வைத்தால் குடும்பம் விளங்காது என்பார்கள் அந்தப் பக்கத்தில். அவன் மனைவி பழனியம்மாளும் அதையேதான் சொன்னாள். "ஊட்டுக்குள்ள எங்க வெச்சேன்? மாடியிலதான வெச்சிருக்கேன்" என்று அவள் வாயை அடைத்துவிட்டான். வாசலை ஒட்டி ஏறும் மாடிப்படிக்கு மேலே, நிழல்வலைக்கு அடியில், கள்ளிகள் பெருகின.

விதை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, கவிழ்த்த தொப்பி மாதிரி இருக்கும். கல்பொடியும் மணலும் கரித்தூளும் கலந்து சாப்பாட்டு டப்பாவில் நிரப்பி, ஈரமாக்கி, மேலே விதையைத் தூவி மூடிவைக்க வேண்டும். சில நாளில் பச்சைப் புள்ளிகளாக முளைக்கும். ஒரு முளையில் பூசணம் பிடித்தால் மறுநாளே டப்பா முழுக்கச் சாய்ந்து கிடக்கும். அந்தக் கல்பொடிக்காகப் போர் போட்ட இடத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மாடியில் உட்கார்ந்து சலிப்பான். வேலையில் தின்ற தூசி போதாதென்று வீட்டுக்கும் கொண்டுவந்து தின்றான், மடையன். இப்போது அவனைத் திட்டக்கூட மனசு வரவில்லை.

அவன் வெளிமாநிலத்தில் இருக்கும்போது செடிகள் பழனியம்மாள் பொறுப்பு. "தண்ணி ஊத்தாத, தண்ணி ஊத்தாத" என்பதுதான் போனில் அவன் அவளிடம் பேசிய பேச்சில் பாதி. வாடிப்போய் நிற்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. ஒரு மழைக்காலத்தில் அவன் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு செடி ஒரே நேரத்தில் ஐந்தாறு பூ விட்டிருந்தது.

"ஏனுங்க, எப்படிப் பூத்திருக்குது பாருங்க!" என்று அவனை மாடிக்கு இழுத்துப்போனாள்.

மாதையன் செடியைத் தொட்டதும் அது பொத்தென்று சாய்ந்தது. அடியில் வேரே இல்லை, கூழாக அழுகியிருந்தது.

"இது சாகப்போற செடி, புள்ள. இருக்கற உசுரையெல்லாம் பூவுல போட்டுட்டுப் போகுது."

பழனியம்மாள் கீழே இறங்கிவந்து கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு செடிக்குப் போய் அழுகிறாளே என்று மாதையன் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தான்.

விதை போட்டு முளைக்கவைத்தால் மட்டும் அவனுக்குப் போதவில்லை, இரண்டு ஜாதியைக் கலந்து புது ஜாதி உண்டாக்கவும் ஆசை வந்தது. முள்ளில்லாத அந்த முதல் செடியைத் தாயாக வைத்து, ஆட்டுக்கொம்பு போல முள் சுருண்டிருக்கும் இன்னொன்றின் மகரந்தத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டும் ஒரே நாளில் பூக்க வேண்டும், அன்றைக்கு அவனும் ஊரில் இருக்க வேண்டும். பல வருஷம் கழித்துத்தான் அப்படி ஒரு நாள் வாய்த்தது. சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்தான். காய் பிடித்தது, விதை கிடைத்தது, முளைத்தவற்றில் பெரும்பாலானவை அழுகிப்போக, ஒன்று மட்டும் தப்பித்தது. அதற்குக் கொம்பன் என்று பெயர் வைத்தான். தாயின் வெள்ளைப் புள்ளியும் தகப்பனின் சுருண்ட முள்ளும் அதற்கு வந்திருந்தன. பூ மட்டும் தெரியவில்லை. தாய்க்கு வெறும் மஞ்சள், தகப்பனுக்கு மஞ்சளின் நடுவில் சிவப்பு. கொம்பன் என்ன நிறத்தில் பூக்கும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் பார்க்கப்போகிறவன் தான்தான் என்று மாதையன் வருஷக்கணக்காகக் காத்திருந்தான்.

அதற்குள் இருமல் வந்துவிட்டது. தூசி நுரையீரலுக்குள் இறங்கித் தழும்பாகிவிட்டது, அதை மாற்ற மருந்தில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ரிக் வேலை போனது. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினான். பங்குனியில் கொம்பனின் உச்சியில் பஞ்சு மாதிரி ஒரு மொட்டு தலை நீட்டியது. அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த அன்றைக்கே மூச்சு அடைத்து விழுந்தான். ஆம்புலன்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் கிடந்தபோது வீட்டில் நடந்ததைப் பழனியம்மாளே பிறகு அவனிடம் சொன்னாள். அவளுடைய அண்ணன் சின்னுசாமி எங்கேயோ குறி கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"தலைமேல முள்ள வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தா மூச்சு எப்படிச் சாமி வரும்? எல்லாத்தையும் ஓடையில கொண்டுபோய்க் கொட்டோணும். ஒண்ண மட்டும் வேரோட புடுங்கி வாசல்ல தலைகீழாக் கட்டு. பட்ட கண்ணெல்லாம் அது வாங்கிக்கும்."

"எதைங்ணா கட்டறது?"

"எது அவருக்கு உசுரோ, அதை."

அவளுக்கு எது என்று தெரியாதா என்ன? கொம்பனைப் பிடுங்கும்போது முள் ஏறி அவள் கையெல்லாம் ரத்தம். உயிருக்கு உயிர் கொடுத்தால் சாமி விட்டுவிடும் என்று நம்பினாள். அதை நம்பாமல் வேறு எதை நம்புவாள்?

ஆட்டோவில் வந்து இறங்கிய மாதையன் வாசலில் நிமிர்ந்து பார்த்தான். நிலைக்கு மேலே, கறுப்புக் கயிற்றில், படிகாரக் கட்டிக்குப் பக்கத்தில், வேர் மேலாகவும் மொட்டுக் கீழாகவும் கொம்பன் தொங்கிக்கொண்டிருந்தான்.

"மத்ததெல்லாம்?"

"ஓடையில போட்டாச்சுங்க."

அவனுக்கு வந்த கோபத்துக்கு மூச்சு இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பான். மூச்சு இல்லாததால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். காற்று வேண்டும் என்று வாசலிலேயே, தகரக் கூரைக்கு அடியில், கட்டிலைப் போட்டிருந்தார்கள். கண்ணைத் திறந்தால் நேர் மேலே கொம்பன். இப்போது இறக்கினால்கூடப் பிழைக்கவைத்துவிடலாம். வேரைக் காயவிட்டுக் கல்பொடியில் வைத்தால் ஒரு மாதத்தில் புதுவேர் பிடிக்கும். படுத்தபடி இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தான்.

பழனியம்மாள் ரேஷன் கடைக்குப் போன ஒருநாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறப் பார்த்தான். ஒரு காலை வைத்து உடம்பைத் தூக்குவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தவன் எழ முடியாமல் கிடந்தான். திரும்பி வந்தவள் ஸ்டூலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அரிசிப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கட்டுன அன்னிக்குத்தானுங்க உங்களுக்கு மூச்சு கொஞ்சம் சீராச்சு" என்றாள். பிறகு நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தாள். "அவுத்துரட்டுங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் கத்தியை எடுத்துவந்து ஸ்டூல்மேல் ஏறிவிட்டாள். கட்டிலில் சாய்ந்திருந்த மாதையனுக்கு அவளுடைய வெடித்த குதிகால்கள்தான் கண்ணுக்கு நேரே தெரிந்தன. கயிற்றைப் பிடித்தவள் அறுக்காமல் சாமி பேரையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவன் எப்படியும் போகப்போகிறவன், அது அவனுக்குத் தெரியும். கயிறு அறுந்த பிறகு அவன் போனால், தானே கொன்றுவிட்டதாக நினைத்து நினைத்தே இவள் சாவாள். அவனுக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் வடிந்துபோனது.

"இருக்கட்டும் புள்ள. எறங்கு."

"நெசமாத்தானுங்களா?"

"எறங்குன்னா எறங்கு. விழுந்து கிழுந்து வெச்சீன்னா உன்னை யாரு தூக்குவா?"

அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சித்திரை வெயிலில் கொம்பன் நாளுக்கு நாள் சுருங்கினான். வரிகள் உள்ளே இழுத்துக்கொண்டு விலா எலும்பாகத் தெரிந்தன. மொட்டு மட்டும் வளர்ந்தது.

ஒருநாள் உச்சிவேளையில் மாதையன் கண்விழித்தபோது அது விரிந்திருந்தது. தொட்டியில் பூத்திருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும், அவனால் குனிய முடியாது. தலைகீழாகத் தொங்கியதால் பூ அவன் முகத்தை நேராகப் பார்த்தது. மஞ்சள் பேருக்கு ஓரத்தில் ஒரு கோடுதான். மற்றதெல்லாம் சிவப்பு, தகப்பனிடம்கூட இல்லாத சிவப்பு.

"செகப்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பூவைத் தாங்கும் உடம்பு வற்றிப்போயிருப்பதையும் பார்த்தான். எதனால் பூத்திருக்கிறது என்பது அவனுக்கு விளங்காமலா இருக்கும்? இருந்தாலும் கண்ணை எடுக்கவில்லை.

அந்த வழியாக வந்த பக்கத்து வீட்டுக் கிழவி குப்பாயி வாயில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"அடி ஆத்தா! பழனி, இங்க வந்து பாரு. செடி பொழச்சுக்கிச்சாட்டம் இருக்குது! மாதையா, இனி உனக்கும் ஒண்ணுமில்ல சாமி."

"ஆமாங்க ஆயா, பொழச்சுக்கிச்சு" என்றான் மாதையன். உள்ளே இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்று, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிச் சத்தமாகவே சொன்னான்.

குப்பாயி சேதி சொல்லத் தெருவுக்கு ஓடினாள். உள்ளேயிருந்து ஆள் வரவில்லை. மாதையன் மெல்லத் தலையைத் திருப்பினான். பழனியம்மாள் உள்ளே இல்லை. மாடிப்படியின் கடைசிப் படியில், அன்றைக்கு அழுத அதே இடத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து அங்கே இருக்கிறாளோ.

"ஏம்புள்ள, பூவைப் பாக்க வரலியா?"

"காத்தாலயே பாத்துட்டனுங்க" என்றாள் அவள், அந்தப் பக்கம் திரும்பாமலே.