சரிபார்த்தவர்

இன்று காலை அச்சில் வந்த கடிதத்தின் அடியில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. பதினோரு வருடமாக அந்த வரியில் 'சரிபார்த்தவர்' என்று அக்காவின் பெயர் நின்றது.

அக்கா எனக்கு உறவில்லை. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இந்தத் தீவுகளில் ரப்பர் வேலைக்குக் குடியேறிய குடும்பம். இன்டர்நெட் வருவதும் போவதுமாக இருந்த அந்த நாளில் கனமான கோப்புகள் மெயின்லேண்டுக்குப் போய்ச் சேராது. எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகவே தட்டுவோம். அதைப் பக்கமாக்க அக்கா கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை எழுதிவைத்திருந்தார். பெயர் 'வாரு'. கறுப்புத் திரையில் அதை ஆங்கில எழுத்தில் தட்டி, கோப்பின் பெயரைச் சேர்த்து என்டரை அழுத்தினால் போதும். வரிகள் ஒரே அகலத்துக்கு மடங்கும், ஓரம் விடும், அடியில் தயாரித்தவர் என்று என் பெயரும் சரிபார்த்தவர் என்று அவர் பெயரும் வந்துவிடும். "தல வாரிவிட்ட புள்ளையாட்டம் இருக்கு பாரு" என்பார். அச்சடித்த தாளை, வீட்டுக்குப் போக சாத்தம் துறையில் ஃபெர்ரி ஏறியதும் பிரிப்பார். அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இறங்குவதற்குள் பிழைகளைச் சுற்றி எத்தனை பென்சில் சுழி! மறுநாள் முதல் பேச்சே, "என்னா புள்ள, தூக்கத்துலயா தட்டுன?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் ரிடையராகி மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அவர் பெயரை நான் எடுக்கவில்லை. எடுக்கத் தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னேன், பாதி பொய். அந்தப் பெயர் இருக்கும்வரை நான் தனியாக வேலை செய்யவில்லை என்றொரு நினைப்பு. போன வாரம் புது அதிகாரி அதன்மேல் விரலை வைத்தார். "யே கௌன் ஹை? நிகாலோ." யார் இது, எடுத்துவிடு என்று.

நேற்று மத்தியானம் அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, வாருல கடைசியா வர்றத கொஞ்சம் மாத்தணும், எப்படி?" என்று சுற்றி வளைத்தேன்.

"எம் பேரு தானே? அடியிலருந்து ரெண்டாவது வரி. அழிச்சிரு." பிறகு மெதுவாக, "ஏதாச்சும் இருந்தா அனுப்பு புள்ள, பாத்துத் தாரேன். இங்க எனக்கு என்னா வேல?"

அலுவலகக் கடிதத்தை வெளியே அனுப்பக் கூடாதென்பது அவருக்கே தெரியும். "சரிக்கா" என்றேன். பெயரை மட்டும் அழித்தேன். வரியை விட்டுவைத்தேன்.

இன்று அந்தத் தாளைப் பென்சிலோடு நானே படித்தேன். தேதியில் போன வருடத்தைப் போட்டிருக்கிறேன். "அக்கா, இந்தக் கூத்தப் பாருங்க" என்று பக்கத்தில் திரும்பிவிட்டேன். அந்த நாற்காலியில் தாள்கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.