பாய்லரில் காய்ச்சிய பால்

ரயில் எஞ்சினுக்குள் பால் காய்ச்சியவள் ராஜபாளையத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது நான்காம் வகுப்பு. பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் மொட்டை மாடியில் ஒரு குட்டி எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பொம்மை என்று சொன்னால் பொல்லாத கோபம் வரும். கரி போட்டு, தண்ணீர் கொதித்து, நீராவியில் ஓடப்போகும் நிஜ எஞ்சின். அளவு மட்டும்தான் ஆட்டுக்குட்டி. சக்கரம், சிலிண்டர், புகைபோக்கி எல்லாம் தயார், பாய்லர் மட்டும் பாக்கி.

பாய்லருக்குக் கனமான செம்புத் தகடு வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மாவுக்குச் சீராக வந்த அண்டாவில்தான் இருந்தது. மாமா மூன்று நாள் அம்மாவின் பின்னாலேயே திரிந்து அதை வாங்கிவிட்டார்.

"ஏலே, சீருன்னு குடுத்துட்டு இப்ப அதையே அறுத்து எடுக்கியே, வெக்கமா இல்ல? ஓடலைன்னா இந்த வீட்டுப் பக்கம் வராத" என்றாள் அம்மா.

அம்மா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். எஞ்சின் ஓடாவிட்டால் மாமாவே வர மாட்டார் என்று பயந்துபோனேன். பள்ளி விட்டதும் பையை வீசிவிட்டு மாடிக்கு ஓடுவேன். மாமா தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் அமுக்கி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி உருளையாக வளைத்தார். உள்ளே புகைக் குழாய்களைச் செருகி, வெள்ளி கலந்த கம்பியை உருக்கிப் பற்றவைத்தார். கறுத்துப்போன செம்பைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவது என் வேலை. கடைசியில் தண்ணீரை நிரப்பி, வயலுக்கு மருந்தடிக்கும் பம்பை மாட்டி அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. நான் குதித்த குதியில் பக்கத்து மாடியில் காயப்போட்டிருந்த வற்றலுக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருந்த அத்தையே எழுந்து நின்றுவிட்டாள்.

லீவு முடிய இரண்டே நாள் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடும் பெரியம்மா, எஞ்சின் ஓடுவதைப் பார்க்க ஒரு தூக்குவாளி நிறையப் பாலோடு வந்திறங்கினாள். மாடியில் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தது.

"மருமவளே, தண்ணி ஊத்துறது உன் பொறுப்பு" என்று மாமா புனலைக் கையில் கொடுத்துவிட்டுக் கரி எடுக்கப் போனார்.

புது வீடானாலும் புது அடுப்பானாலும் முதலில் பால் பொங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இவ்வளவு பெரிய காரியத்துக்கு வெறும் தண்ணீரா என்று தோன்றியது. யாரும் பார்க்காதபோது பாதி தண்ணீரும் பாதி பாலுமாக ஊற்றி மூடியைத் திருகிவிட்டேன்.

மாமா தீ மூட்டினார். அழுத்தம் காட்டும் முள் நடுங்கி ஏற ஆரம்பித்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமா தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாயருகே குனிந்தார். உள்ளே வெள்ளை நுரை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"அக்கா, இது சூடேற நேரமாகும். எல்லாரும் கீழ போயி காப்பி போடுங்க. செத்த நேரத்துல கூப்பிடுதேன்."

எல்லோரையும் படியில் இறக்கி, மாடிக் கதவை அந்தப் பக்கமிருந்து தாழ்போட்டுவிட்டார். நான் கதவை உதைத்து அழுதேன். எங்களை ஏமாற்றிவிட்டு முதல் ஓட்டத்தை அவர் மட்டும் பார்க்கப் போகிறார் என்று ஆத்திரம். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தமும் தீய்ந்த பால் வாசனையும் வந்தன. கதவைத் திறந்தபோது மாமாவின் உள்ளங்கையில் துண்டு சுற்றியிருந்தது.

"வால்வு கொஞ்சம் தகராறு. நாளைக்கு ஓட்டுவோம்" என்றார் அம்மாவிடம். பாலைப் பற்றிப் பேச்சே இல்லை.

அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்க வேண்டிய சின்ன வால்வு அது. பால் பொங்கித் தீய்ந்து அதன் வாயை அடைத்தால் அந்தப் பாய்லர் வெடிகுண்டுதான். கனன்றுகொண்டிருந்த கரித்தட்டைக் கையால் இழுத்து வெளியே போட்டுவிட்டு, முள் இறங்கும்வரை அவர் தனியாக அதன் பக்கத்தில் நின்றிருக்கிறார். இதெல்லாம் ஒரு மில்லில் பாய்லர் பக்கம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை சுத்தம் செய்த பாய்லரில் அவரே தண்ணீர் ஊற்றினார். எஞ்சின் இருமியது, திணறியது, பிறகு குப்குப்பென்று கிளம்பிவிட்டது! பெரியம்மா கைதட்ட, அம்மா அண்டாவை மறந்து சிரிக்க, மாமா என்னை விசிலை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். தெருவே நிமிர்ந்து பார்த்தது. ஆனாலும் நேற்றைய கோபம் எனக்கு ஆறவில்லை.

"நேத்து நீங்க மட்டும் பாத்தீகளே, இதை விட நல்லா ஓடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல தாயி. இன்னைக்குத்தான் நல்லாருந்துச்சு."

அப்படியானால் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகப் பார்த்ததில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மறுபடியும் விசிலை இழுத்தேன்.